குழந்தைக்கு ஹெர்பீஸ் கொப்புளம்: முதலில் வயதைக் கேளுங்கள்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பெரியவர்களுக்கு உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. சூடு என்பார்கள், காய்ச்சலுக்குப் பொங்கியது என்பார்கள், இரவில் ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்பார்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை அந்த அலட்சியத்தால் பெரிய கெடுதல் இல்லை; பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதே கிருமி பிறந்து பத்து நாளான சிசுவைத் தொற்றினால் உயிரையே எடுத்துவிடக்கூடும். ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தொற்றினால் இரண்டு வாரம் வாயைப் புண்ணாக்கி வீட்டையே அழவைத்துவிட்டு அடங்கிவிடும்.

ஆகவே கொப்புளம் எவ்வளவு பெரிது, எந்த நிறம், எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் வயதைக் கணக்கிட வேண்டும். செய்ய வேண்டியவை எல்லாம் அந்த ஒரு விடையிலிருந்துதான் பிரிகின்றன.

கிருமியின் பெயர் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். முதல் வகை பெரும்பாலும் வாயையும் முகத்தையும் பிடிக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பைப் பிடிக்கும். இடம் மாறி வருவதும் உண்டு. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதாவது, நம் தெருவில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும். பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது. இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட நோய் என்று யாராவது காதைக் கடித்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சிறுவயதில் யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தில் வாங்கிக்கொண்டவர்கள்தாம்.

படி 1: வயதும் எதிர்ப்பாற்றலும்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு இறங்குகிறது. தாய்க்கு இந்த வைரஸ் பழைய அறிமுகம் என்றால், அதற்கென்றே உருவான எதிர்ப்புப் புரதமும் சேர்ந்து இறங்கும். இது தாய்வீட்டுச் சீதனம் மாதிரி: கொண்டுவந்ததைச் செலவழிக்கலாம், கரைந்தபின் மறுபடி வராது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குச் சீதனமே குறைவாகத்தான் வந்திருக்கும்.

சிசுவின் சொந்தப் படையோ இன்னும் பழகவில்லை. வைரஸ் புகுந்த உடனே எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் சுரப்பு மந்தம். தொற்றிய செல்களை அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்களுக்கு வீரியம் குறைவு. கிருமியை அடையாளம் கண்டு போரிடும் டி செல்கள் எதிரியை இதுவரை பார்த்ததே இல்லை. இந்தக் காரணங்களால்தான், பெரியவருக்கு உதட்டோடு நின்றுவிடும் வைரஸ் சிசுவுக்குக் கல்லீரல், நுரையீரல், மூளை என்று ஓடிப் பரவுகிறது.

தாய்க்குப் பழைய தொற்று இருப்பது குழந்தைக்கு ஒருவகையில் பாதுகாப்பு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிறப்புறுப்பில் பழைய தொற்று திரும்ப வந்திருக்கும் தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்று வாங்கிய தாயிடமிருந்து பரவும் வாய்ப்பு 25 முதல் 60 சதவீதம் வரை. புரதம் உருவாகி இறங்க நேரம் இல்லாததே முக்கியக் காரணம்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இன்னொரு கட்டம். சீதனம் தீர்ந்துவிட்டது, சொந்தப் படை ஓரளவு தேறிவிட்டது. தொற்று வரும், படுத்தும், ஆனால் பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். இடையில் உள்ள ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைக்குக் கொப்புளம் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டு வைத்தியத்துக்கான வயது அது இல்லை.

படி 2: ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தை

இது அபூர்வமான நோய். உலகளவில் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 10 என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அபூர்வம் என்பதால்தான் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. வராததால் காலம் தவறிவிடுகிறது.

தொற்று மூன்று விதமாக வெளிப்படும். தோல், கண், வாய் ஆகியவற்றோடு நிற்பது ஒன்று. பிறந்த பத்து நாளை ஒட்டி உச்சந்தலையிலோ, இமையிலோ, வாயோரத்திலோ சிவந்த அடியில் சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தெரியும். பிரசவத்தில் முதலில் வெளிவந்த பகுதியையும், ஆயுதப் பிரசவத்தில் காயம்பட்ட இடத்தையும் குறிப்பாகப் பாருங்கள். இரண்டாவது, மூளையைத் தாக்குவது. இது பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பின் வலிப்பாக, தொடர்ந்த மயக்கமாக, கீச்சென்ற அழுகையாக வரும். மூன்றாவது உடலெங்கும் பரவுவது. கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை கூடும், மூச்சுத் திணறும், ரத்தம் உறையாமல் கசியும். பார்ப்பதற்குச் பாக்டீரியாவால் வரும் சாதாரண ரத்தத் தொற்றைப் போலவே இருக்கும்.

பின்னிரண்டு வகையிலும் கணிசமான குழந்தைகளுக்குக் கொப்புளமே வருவதில்லை. அதனால் கொப்புளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மணிக்கே கிளம்பிவிடுங்கள்:

- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல். அல்லது உடம்பு சில்லிட்டுப்போவது
- பால் குடிக்க எழாமல் துவண்டு கிடப்பது
- கை, கால், உதடு, இமை வெட்டி வெட்டி இழுப்பது
- உடம்பில் எங்கேயாவது ஒரே ஒரு நீர்க்கொப்புளம்
- ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிவது
- மூச்சு வேகமாவது, அல்லது விட்டுவிட்டு நிற்பது

எங்கே போவது? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. கடையநல்லூர், திசையன்விளை போன்ற தூரத்து ஊர்களிலிருந்து வருபவர்கள் 108-ஐ அழையுங்கள். வழியில் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து, மேலே துணியால் மூடிக்கொண்டு வாருங்கள். குடித்தால் பால் கொடுங்கள். மருந்துக் கடையில் நிறுத்திக் களிம்பு வாங்க வேண்டாம்.

மருத்துவரிடம் மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். பிரசவத்தை ஒட்டித் தாய்க்குக் காய்ச்சலோ பிறப்புறுப்பில் புண்ணோ இருந்ததா? வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் இருந்ததா? அவர் குழந்தையை முத்தமிட்டாரா? தாய்க்கு எந்த அறிகுறியும் இருந்ததில்லை என்பதும் ஒரு தகவல்தான். பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோர் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாதவர்கள்.

மருத்துவமனையில் கண், வாய், மூக்கு, ஆசனவாய் ஆகிய இடங்களில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள், கல்லீரல் நொதிகளைப் பார்ப்பார்கள். முதுகில் ஊசி போட்டால் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போகும் என்று பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். ஊசி இறங்கும் இடம் தண்டுவடம் முடிந்ததற்குக் கீழே. மூளையில் தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. 14 நாள் சிகிச்சையா, 21 நாள் சிகிச்சையா என்று முடிவாவதும் அதை வைத்துத்தான்.

மருந்து அசைக்ளோவிர், நரம்பு வழியாக. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாக மூன்று வேளை ஏற்றுவார்கள். சோதனை முடிவு வரும் முன்பே தொடங்கிவிடுவார்கள். அதற்குத் தயங்கவே வேண்டாம். வைரஸின் சொந்த நொதி தூண்டினால்தான் இந்த மருந்து வேலைசெய்யத் தொடங்கும், ஆகவே தொற்றாத செல்களை அதிகம் சீண்டாது. இது உருவானதில் முக்கியப் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். சிறுநீரகத்தில் படியக்கூடும் என்பதால் சிறுநீரையும் ரத்தத்தையும் கவனிப்பார்கள்.

சிகிச்சை இல்லாவிட்டால் உடலெங்கும் பரவிய வகையில் சுமார் 85 சதவீதம் குழந்தைகளும், மூளையைத் தாக்கிய வகையில் சுமார் 50 சதவீதமும் இறந்தார்கள். உயர்ந்த அளவு அசைக்ளோவிர் வந்தபின் இவை முறையே 30 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் அருகில் இறங்கின. தோலோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பிழைக்கின்றன. கவனிக்காமல் விட்ட தோல் கொப்புளம் மூளைக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் அந்த ஒற்றைக் கொப்புளத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

கொப்புளம் என்றதும் அம்மை என்று முடிவுகட்டி, வேப்பிலை சொருகி, மருந்து கூடாது என்று கதவைச் சாத்தும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அம்மனிடம் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் சின்னம்மையே வந்திருந்தாலும் அதுவும் அவசரநிலைதான். அதற்கும் இதே மருத்துவமனை, இதே அசைக்ளோவிர். அக்கி என்று காவி எழுதக் கொண்டுபோவதையும் சேர்த்துச் சொல்கிறேன். காவிப் பூச்சு கொப்புளத்தை மருத்துவரின் கண்ணிலிருந்து மறைக்கும், அதன்மேல் வேறு கிருமியும் ஏறும்.

படி 3: பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே

பிறப்புறுப்பில் எப்போதாவது கொப்புளமோ எரிச்சலான புண்ணோ வந்திருந்தால், கணவருக்கு வந்திருந்தாலும், பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள். கூட வரும் மாமியார் எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் எடை பார்க்கும்போது செவிலியரிடம் தனியாகச் சொல்லலாம். அடிக்கடி வருபவர்களுக்கு 36-ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை கொடுப்பது வழக்கம். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன். பழைய சரித்திரம் மட்டும் இருந்து புண் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை.

கர்ப்பத்தில் எடுக்கும் 'டார்ச்' என்ற ரத்தப் பரிசோதனைக் கட்டு பற்றி ஒரு வார்த்தை. அதில் ஹெர்பீஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்த தாளைப் பிடித்துக்கொண்டு அழும் பெண்கள் உண்டு. புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் என்று கருதப்படும் அந்த ஐஜிஎம் நம்பத்தக்க சோதனை இல்லை. பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் பாசிட்டிவ் காட்டும், வேறு வைரஸ்களாலும் காட்டும். அதை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்தக் காசுக்கு மாதுளை வாங்கிச் சாப்பிடலாம் என்பது என் கட்சி.

வீட்டாருக்கும் ஒரு சொல். கடைசி மூன்று மாதத்தில் கணவருக்கு உதட்டில் கொப்புளம் இருந்தால் முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம். முதல் வகை வைரஸ் அப்படித்தான் பிறப்புறுப்புக்கு இறங்குகிறது.

படி 4: பிறந்த வீட்டில் வாயைத் தள்ளி வையுங்கள்

சிசுக்களுக்கு வரும் தொற்றில் சுமார் 85 சதவீதம் பிரசவ வழியில், 5 சதவீதம் கருப்பையில், 10 சதவீதம் பிறந்தபின் வருகிறது. அந்தப் பத்து சதவீதம் முழுக்க நம் கையில் இருக்கிறது.

நம் வழக்கங்களில் சிலவற்றைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். சேனை வைப்பது: நல்ல குணமுள்ள பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. குணம் வந்து சேர வேண்டும் என்றால் அந்தப் பெரியவர் கை கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தால் போதும். குளிப்பாட்டும் ஆச்சி மூக்கிலும் காதிலும் வாயால் ஊதுவது, சளியை வாயால் உறிஞ்சுவது: இவற்றை ஹெர்பீஸுக்காக மட்டுமல்ல, எல்லாவற்றுக்காகவும் நிறுத்துங்கள். ஆச்சி கோபித்துக்கொண்டால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று பழியை எங்கள்மேல் போடுங்கள்.

உதட்டில் கொப்புளம் இருப்பவர் பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும் வரை குழந்தையை முத்தமிடக் கூடாது. தாய்க்கே வந்தால்? தூக்கலாம், பால் கொடுக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. தாய்ப்பாலில் வைரஸ் பரவுவதில்லை. மார்பிலேயே கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஆறும்வரை கொடுக்காமல், மறுபக்கம் கொடுங்கள்.

பெயர் வைக்கும் நாளில் ஊரே வந்து கொஞ்சும். கையெடுத்துத் தன் நெற்றியில் சொடுக்கித் திருஷ்டி கழிப்பதில் ஆபத்தில்லை. கன்னத்தில் முத்தம் மட்டும் வேண்டாம் என்று வாசலிலேயே ஒரு மதினியை நிறுத்திச் சொல்லவைப்பது நல்ல ஏற்பாடு.

படி 5: ஆறு மாதத்துக்கு மேல், வாயெல்லாம் புண்

முதல் தொற்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓசையில்லாமல் வந்து போகிறது. மற்றவர்களுக்குத் தொற்றி 2 முதல் 12 நாளில் காய்ச்சல் 102, 103 என்று ஏறும். இரண்டு நாள் கழித்து ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். நாக்கு, உதட்டின் உட்புறம், மேலண்ணம் எங்கும் சிறு புண்கள். எச்சில் ஒழுகும், வாய் நாறும், தாடைக்குக் கீழ் நெறி கட்டும். பல் முளைக்கிற காய்ச்சல் என்று சொல்லி இதை ஒதுக்குவது வழக்கம். பல் முளைப்பதால் 103 காய்ச்சல் வராது.

எதனோடு குழம்பும்? கை, கால், வாய் நோயில் புண் தொண்டைப் பக்கம் இருக்கும், உள்ளங்கையிலும் பாதத்திலும் பிட்டத்திலும் தடிப்பு இருக்கும், ஈறு வீங்காது. வெள்ளையாகத் தயிர் படிந்ததுபோல் ஒட்டியிருந்தால் அது பூஞ்சை. காய்ச்சலே இல்லாமல் ஒன்றிரண்டு குழிப்புண் மட்டும் என்றால் சாதாரண வாய்ப்புண். ஈறு வீக்கம்தான் ஹெர்பீஸின் கையெழுத்து.

இந்த நோயில் பிள்ளையை மருத்துவமனையில் படுக்கவைப்பது பெரும்பாலும் வைரஸ் அல்ல, நீரிழப்பு. வலியால் எச்சில்கூட விழுங்காது. ஆகவே வேலை முழுவதும் தண்ணீரில்தான் இருக்கிறது. பத்துக் கிலோ பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் வேண்டும். காய்ச்சல் இருந்தால் இன்னும் கொஞ்சம். டம்ளரை வாயில் வைத்தால் தட்டிவிடும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சை வாங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்னத்தின் உட்புறமாக மெல்லச் செலுத்துங்கள். மணிக்கு 120 மில்லி ஆகிவிடும். விழித்திருக்கும் எட்டொன்பது மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும்.

எதைக் கொடுப்பது? ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர், ஆறவைத்த கஞ்சி, குளிர்ந்த பால், புளிக்காத தயிரில் குழைத்த சோறு. கோடையென்றால் நொங்கு அருமை. தோலை நீக்கி நன்றாக மசித்துக் கொடுங்கள். பதநீர் வேண்டாம், அதில் சுண்ணாம்பு இருக்கிறது, புண்ணில் எரியும். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி ரசம், இஞ்சியும் பச்சைமிளகாயும் போட்ட சொதி எல்லாம் இரண்டு வாரம் ஓய்வெடுக்கட்டும். ஐஸ்கிரீம் கேட்டால் கொடுங்கள். சளி பிடிக்கும் என்று யார் மிரட்டினாலும், புண்ணை மரத்துப்போகச் செய்து நாலு வாய் உள்ளே இறக்குவதற்கு அது நல்ல வழி.

வலிக்குப் பாராசிட்டமால்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுத்தால் பிள்ளை கொஞ்சம் வாயைத் திறக்கும். பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது.

வைரஸுக்கான மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு தொடங்க வேண்டும். 1997-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில், புண் வந்த மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் சிரப்பைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள் கொடுத்த பிள்ளைகளுக்குப் பத்து நாள் நீடிக்கும் வாய்ப்புண் நான்கு நாளில் ஆறியது. ஆகவே ஈறு வீங்கிய அன்றே காட்டுங்கள். ஐந்தாம் நாள் போனால் மருத்துவர் தண்ணீர் கொடுங்கள் என்று மட்டும்தான் சொல்வார். ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது.

செய்யக் கூடாதவை: வாய்ப்புண்ணுக்கென்று விற்கும் மரப்பு ஜெல்கள் வேண்டாம், அவற்றில் இருக்கும் லிக்னோகெயினை விழுங்கினால் வலிப்பும் இதயத் தொந்தரவும் வரும். ஸ்டீராய்டு கலந்த வாய்ப்பசையும் வேண்டாம். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது விஷம். மாசிக்காயும் வசம்பும் உரசி வீங்கிய ஈறில் தேய்ப்பது வலியைக் கூட்டும். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை, குடித்தால் சரி.

எச்சில் ஒழுகும் தாடையில் வாஸ்லின் தடவுங்கள். நகத்தை வெட்டுங்கள். விரல் சூப்பும் பிள்ளைக்கு விரல்நுனியில் கொப்புளம் வந்து நகச்சுற்று போலத் தெரியும்; அதைக் கீறினால் ஆறத் தாமதமாகும். எச்சில் ஒழுகும் வரை அங்கன்வாடிக்கு அனுப்ப வேண்டாம்.

படி 6: எந்த வயதிலும் ஓட வேண்டிய நேரம்

எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, நாக்கு வறண்டுவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும்.

கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க மறுத்தால் அன்றே கண் மருத்துவர். வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் ஆழமாகிப் பார்வையே போகலாம்.

கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு, அரிப்பு இருந்த இடங்களில் ஒரே அளவில் குழிந்த கொப்புளங்கள் மளமளவென்று பரவி, காய்ச்சலும் வந்தால் அது கரப்பான் முற்றியது இல்லை. வைரஸ் அதன்மேல் குடியேறியிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையிலோ நீண்டநாள் ஸ்டீராய்டிலோ இருக்கும் பிள்ளைக்கும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைக்கும் இதே அவசரம்.

காய்ச்சலோடு வலிப்பு, பிதற்றல், ஆளைத் தெரியாமல் விழிப்பது, ஒரு பக்கம் மட்டும் இழுப்பது இருந்தால் மூளை அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறக்கும் நோய் இது. மற்றபடி கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்த பிள்ளைக்கு இது ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை 2006, 2007-ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. சில பிள்ளைகளுக்கு டிஎல்ஆர்-3 என்ற வழித்தடத்தில் பிறவி மரபுக் குறை இருக்கிறது. மூளைச் செல்கள் வைரஸைக் கண்டு இன்டர்ஃபெரான் சுரக்கத் தவறுகின்றன. மற்ற நோய்களை அதே பிள்ளை சமாளித்துவிடும். எனவே இதுவரை சளிகூடப் பிடித்ததில்லை என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் ஆகாது.

படி 7: பிறகு

புண் ஆறினாலும் வைரஸ் போவதில்லை. முகத்தின் உணர்ச்சி நரம்பின் முடிச்சில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. சிடி8 வகை டி செல்கள் அங்கேயே காவல் இருந்து அடக்கிவைக்கின்றன. காய்ச்சல், அக்கினி நட்சத்திர வெயில், தூக்கமின்மை என்று காவல் தளரும்போது உதட்டோரம் எட்டிப் பார்க்கும். முதல் தடவை போலப் படுத்தாது. தடுப்பூசி இன்னும் எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை; எதிர்ப்புச் சக்தி டானிக் என்று விற்பவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் நீண்டநாள் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

சிசுப் பருவத்தில் நோய் வந்து பிழைத்த குழந்தைகளுக்குப் பின்தொடர்தல் வேறு. ஊசி முடிந்ததும் ஆறு மாதம் அசைக்ளோவிர் சிரப், நாளுக்கு மூன்று வேளை. உடற்பரப்பைக் கொண்டு அளவிடுவதால் குழந்தை வளர வளர மாறும், மாதாமாதம் எடை பார்த்துத் திருத்த வேண்டும். வெள்ளணுக்களில் ஒருவகையான நியூட்ரோபில் குறைகிறதா என்று இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும், பின்னர் மாதம் ஒருமுறையும் ரத்தம் பார்ப்பார்கள். பாட்டில் தீர்ந்தது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கண், காது, கழுத்து நிற்பது, உட்கார்வது எல்லாவற்றையும் அதே மருத்துவமனையில் குறித்த நாளில் காட்டிக்கொண்டே வாருங்கள். வழக்கமான தடுப்பூசிகளுக்கு இந்த மருந்து தடை இல்லை. அட்டையைக் கொண்டுபோய் செவிலியரிடம் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.